தெற்கு வாசல் பிளாட்பாரம்: தூணுக்குத் தூண் 90ஆ, 65ஆ?

சக்கரக்காரி:
நேற்று இந்த மன்றத்தின் நடைபாதை இழையில் சிவில்மூத்தவர் ஒரு படம் போட்டிருந்தார். எங்கள் பல்கலைக்கழகத் தெற்கு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை புதிதாகப் போட்ட பிளாட்பாரம், அதன் குறுக்கே நட்ட கருங்கல் தூண்கள். கீழே இப்படி எழுதியிருந்தார்: "தூணுக்குத் தூண் 90 செ.மீ. விதிப்படி சரி. வீல்சேர் தாராளமாகப் போகும். குறை சொல்கிறவர்கள் போய்ப் பார்த்துவிட்டுப் பேசட்டும்." அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே தொடங்குகிறேன்.

ஐயா, நான் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அந்த வாசல் வழியாகத்தான் ஆய்வகத்துக்குப் போகிறேன். என் நாற்காலி நுழையவில்லை. இரண்டு தூணுக்கு நடுவே டேப் வைத்து அளந்தேன், 65 செ.மீ. நாற்காலியின் அகலம் 66. சக்கரத்தைத் தள்ளும்போது இரண்டு பக்கமும் விரல் முட்டிக்கு இடம் வேண்டும் என்பதைக்கூட விட்டுவிடுகிறேன், வெறும் நாற்காலியே போகாது. அதனால் பஸ் வருகிற ரோட்டில், ஓரமாக, எதிரே வரும் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போகிறேன். உங்கள் பதிவைத் திருத்துங்கள்.

சிவில்மூத்தவர்:
சகோதரிக்கு வணக்கம். சாலைப் பணியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இங்கே எழுதுகிற பலர் பிறப்பதற்கு முன்பே பிளாட்பாரம் போட்டிருக்கிறேன். அந்த வேலையின் வரைபடத்தை என் கண்ணால் பார்த்தேன். தூண் இடைவெளி 900 மி.மீ. என்று தெளிவாக இருக்கிறது. டேப்பைச் சாய்த்துப் பிடித்திருப்பீர்கள். முதல்முறை அளக்கிறவர்களுக்கு இது சகஜம்.

நடராஜா_சர்வீஸ்:
சாய்த்துப் பிடித்தால் அளவு கூடத்தானே செய்யும்? குறையுமா? முப்பது வருட சர்வீஸில் இது எந்த வருடத்துப் பாடம் சார்?

சக்கரக்காரி:
நன்றி நடராஜா, அதைத்தான் எழுத வந்தேன். இன்னொன்றும் சொல்கிறேன். அந்த வரைபடத்தில் 900 என்று போட்ட அம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? ஒரு தூணின் மையத்தில் தொடங்கி அடுத்த தூணின் மையத்தில் முடிகிறது. அங்கே நிற்கிற கருங்கல் தூணின் குறுக்களவு 25. 90ல் 25 போனால் 65. மனிதர்கள் கல்லுக்குள் புகுந்து போவதில்லை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவேதான் போகிறார்கள்.

சிவில்மூத்தவர்:
மையத்திலிருந்து மையத்துக்கு அளப்பதுதான் முறை. பாலத்தின் தூணானாலும் வேலியின் கம்பமானாலும் அப்படித்தான். வரைபடம் படிக்கத் தெரியாதவர்கள் வரைபடத்தைக் குறை சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. 90 என்றால் 90.

ஸ்பிளெண்டர்_பாண்டி:
நான் நடுவில் வருகிறேன், மன்னிக்கணும். அந்தத் தூணை எதற்கு வைத்தார்கள்? பைக் ஏறாமல் இருக்கத்தானே? இடைவெளியை அகலமாக்கினால் மறுநாளே பைக்காரர்கள் உள்ளே. அப்போது "பிளாட்பாரத்தில் பைக் ஓட்டுகிறார்கள்" என்று இதே மேடம் இன்னொரு இழை தொடங்குவார். ஒன்று கேளுங்கள், இல்லை மற்றது கேளுங்கள்.

நடராஜா_சர்வீஸ்:
பாண்டி அண்ணே, போன மாதம் "சிக்னலில் அவசரமென்றால் பிளாட்பாரத்தில் ஏறித்தான் போகணும், என்ன பண்றது" என்று எழுதியது நீங்கள்தானே? இப்போது பிளாட்பாரத்துக்குக் காவல்காரர் ஆகிவிட்டீர்களா?

ஸ்பிளெண்டர்_பாண்டி:
அது மழைநாளில், முழங்கால் தண்ணீரில். அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? உங்களுக்கு என்மேல் பழைய கோபம். அந்த ஹெல்மெட் இழையிலிருந்தே தெரியும்.

சக்கரக்காரி:
பாண்டி அண்ணா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான், ஆனால் அந்த வாசலில் நின்று ஒரு மாலை பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். அந்தத் தூண்களின் உயரம் முக்கால் மீட்டர்தான். பைக்கில் அகலமான பாகம் ஹேண்டில்பார், அது தூணின் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடுகிறது. கீழே இருக்கும் எஞ்சினும் கால்மிதியும் 65ல் புகுந்துவிடும், கொஞ்சம் வளைத்து ஓட்டினால் போதும். ஸ்கூட்டியும் போகிறது. உணவு டெலிவரி செய்கிற தம்பிகள் பெட்டியோடு போகிறார்கள். என் நாற்காலிக்கு அகலமான பாகம் சக்கரம், அது தரையிலேயே இருக்கிறது. அங்கே தடுக்கப்படுகிறவள் நான் ஒருத்திதான். பைக்கைத் தடுக்கத்தான் தூண் என்றால் அது அந்த வேலையையே செய்யவில்லை. தூணை ஒரு மீட்டர் உயரமாக்கி, இடைவெளியை 1.2 மீட்டராக வைத்து, மிஞ்சி ஏறுகிறவனுக்கு அபராதம் போடட்டும். பைக்கைப் பிடிக்க வேண்டியது போலீஸ், கல் இல்லை.

சிவில்மூத்தவர்:
1.2 எங்கிருந்து வந்தது? மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் அணுகல் நெறிமுறைகளில் கதவுக்கே 90 செ.மீ. போதும் என்றிருக்கிறது. கதவுக்குப் போதுமானது தூணுக்குப் போதாதா? நீங்களே வாசித்துப் பாருங்கள்.

சக்கரக்காரி:
வாசித்தேன் ஐயா. கதவுக்கு 90 என்றால் திறந்த கதவுக்கும் எதிர் நிலைக்கும் நடுவே மிச்சமிருக்கிற வெற்றிடம் 90. கீலின் மையத்திலிருந்து பூட்டின் மையத்துக்கு யாரும் அளப்பதில்லை. உங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொண்டாலும் அங்கே 90 இல்லை, 65தான் இருக்கிறது. அப்புறம், கதவில் ஒருவர் போனால் மற்றவர் நிற்பார். வகுப்பு விடும் நேரத்தில் அந்தப் பிளாட்பாரத்தில் நிற்க முடியுமா? அதனால்தான் தூண்களுக்கு 1.2. நடைபாதைக்கு, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 2012ல் வெளியிட்ட ஐஆர்சி 103 நெறிமுறை சொல்வது தடையில்லாத 1.8 மீட்டர் அகலம், தலைக்கு மேல் 2.2 மீட்டர் உயரம், பிளாட்பார விளிம்பின் உயரம் 15 செ.மீட்டருக்கு மேல் போகக்கூடாது. சாய்தளம் 1க்கு 12. அதாவது 15 செ.மீ. ஏற வேண்டுமென்றால் சாய்வு 1.8 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். தெற்கு வாசலில் ஒரு சிமெண்ட் கட்டியைச் செதுக்கிவைத்து சாய்தளம் என்கிறார்கள். யாராவது பின்னாலிருந்து தள்ளினால் ஏறலாம், தனியாக இறங்கினால் முன்பக்கமாகக் கவிழ்வேன். பிளாட்பாரத்தின் நடுவில் மின்சாரப் பெட்டி ஒன்று வேறு இருக்கிறது, அதைப் பிறகு பேசலாம்.

சிவில்மூத்தவர்:
இவை எல்லாம் நெறிமுறை, சட்டம் இல்லை. முடிந்தால் செய்யலாம் என்றுதான் அர்த்தம். களத்தில் நிலத்தடிக் குழாய் உண்டு, கேபிள் உண்டு, மரத்தின் வேர் உண்டு. புத்தகம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது புரியாது.

சக்கரக்காரி:
முடிந்தால் செய்யலாம் என்ற பேச்சைத்தான் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8ஆம் தேதி முடித்துவைத்தது. ராஜீவ் ரதூரி வழக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் "கட்டாயம்" என்கிறது. அந்தச் சட்டத்துக்காக 2017ல் போட்ட விதிகளில் 15ஆம் விதி, நெறிமுறைகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்திருந்தது. அது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, விட்டுக்கொடுக்க முடியாத அளவுகளைத் தனியாகப் பிரித்து மூன்று மாதத்தில் கட்டாய விதியாக்கச் சொன்னது நீதிமன்றம். பார்வையற்றவரான ரதூரி வழக்குப் போட்டது 2005ல். பத்தொன்பது வருடம். பிறகு 2025 மே மாதத்தில் வேறொரு வழக்கில், நடைபாதை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவின்கீழ் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்றும், அது மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்பட வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழாயும் வேரும் அப்போதும் தரைக்கடியில் இருந்தன.

தள்ளுவண்டி_தாசன்:
நடைபாதை உரிமை என்று வந்துவிட்டால் அடுத்த நாளே யார் காலி? வாசலில் சுண்டல் விற்கிற அக்காவும் ஜெராக்ஸ் கடை வாசலில் ஜூஸ் போடுகிற அண்ணனும். ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது. மேடம் தப்பாக நினைக்க வேண்டாம், உங்கள் பெயரைச் சொல்லித்தான் எங்கள் ஆட்களைத் தூக்குகிறார்கள்.

நடராஜா_சர்வீஸ்:
வந்துவிட்டார் தாசன். தோழர், பிளாட்பாரம் நடக்கத்தான். ஜூஸ் குடிக்க இல்லை.

தள்ளுவண்டி_தாசன்:
2014ல் சாலையோர வியாபாரிகள் சட்டம் என்று ஒன்று வந்தது தெரியுமா? கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்று அதில் இருக்கிறது. சென்னை பாண்டி பஜார் பற்றிய பேச்சிலும் நீங்கள் இதே வசனம்தான் பேசினீர்கள். 2019ல் அங்கே அகலமான நடைபாதை திறந்தபோது வண்டிக்காரர்களைக் காணோம், கார் மட்டும் ஓரமாக நிறுத்த இடம் கிடைத்தது.

நடராஜா_சர்வீஸ்:
பாண்டி பஜார் வியாபாரிகளை அதற்குப் பல வருடம் முன்பே தனிக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். 2019க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எதையும் எதோடும் முடிச்சுப் போடுவது உங்களுக்கு ஒரு பழக்கம்.

தள்ளுவண்டி_தாசன்:
அந்தக் கட்டடத்து மாடியில் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று ஏறிப் பார்த்தீர்களா?

சக்கரக்காரி:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். சுண்டல் அக்கா எனக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. நான் வந்தால் அடுப்போடு வண்டியை நகர்த்திக்கொடுக்கிறார். மின்சாரப் பெட்டி நகர்கிறதா? கருங்கல் தூண் நகர்கிறதா? தாசன் தோழர், என் பெயரைச் சொல்லி யாரையாவது தூக்கினால் நானே வந்து நிற்பேன், ஆனால் இங்கே நான் வண்டியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. 65 செ.மீட்டரைப் பற்றி எழுதினேன்.

காதால்_பார்ப்பவன்:
இவ்வளவு நேரம் திரைவாசிப்பானில் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் அகலத்தையே பேசுகிறீர்கள். அதே வாசலில், என்னைப் போன்ற பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் தடவி நடக்க மஞ்சள் தொடுதடம் பதித்திருக்கிறார்களே, அது எங்கே போகிறது தெரியுமா? நேராகப் போய் நடுத்தூணில் முட்டுகிறது. நீளக் கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில் அல்லது கவனி. ஜப்பானில் மியாக்கே செய்இச்சி கண்டுபிடித்து 1967ல் ஒக்கயாமாவில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில் முதலில் பதித்ததில் தொடங்கி வளர்ந்து, இப்போது உலகம் முழுக்க இதுதான் வழக்கம். இங்கே தூண்வரை கோடுதான், ஒரு புள்ளிக்கல் கூட இல்லை. பாதையை நம்பி நடந்தவனுக்கு முழங்காலில் அடி. சக்கரக்காரி 1.2 மீட்டர் கேட்கிறார், நியாயம். எனக்குத் தூணே வேண்டாம்.

சக்கரக்காரி:
தூணே இல்லாவிட்டால் எனக்கும் சந்தோஷம். ஆனால் பைக் பின்னாலிருந்து வந்தால் எனக்கு ஒதுங்கத் தெரியும், உங்களுக்கு?

காதால்_பார்ப்பவன்:
பைக் சத்தம் போடும். கல் சத்தம் போடாது. இன்னொன்று, நீங்கள் கேட்கிற சாய்தளத்தை ரோட்டோடு வழவழவென்று சேர்த்துவிட்டால் பிளாட்பாரம் எங்கே முடிகிறது என்று என் கோலுக்குத் தெரியாது. எனக்கு அந்த விளிம்பு வேண்டும். சாய்தளத்தின் அடியில் முழு அகலத்துக்கும் புள்ளிக்கல் போட்டால்தான் ஒப்புக்கொள்வேன்.

சிவில்மூத்தவர்:
பார்த்தீர்களா? ஒருவருக்குத் தூண் வேண்டும், ஒருவருக்கு வேண்டாம். ஒருவருக்குச் சரிவு வேண்டும், ஒருவருக்கு விளிம்பு வேண்டும். பொறியாளன் யார் பேச்சைக் கேட்பான்? அதனால்தான் வரைபடம். வரைபடத்தில் 90.

சக்கரக்காரி:
எங்கள் இருவருக்குள்ளும் சண்டையைப் பார்த்ததும் உங்களுக்கு இவ்வளவு நிம்மதியா? புள்ளிக்கல்லோடு சாய்தளம் என்றால் இருவருக்கும் சரி, ஒரே கல்லில் முடிகிற விஷயம். நீங்கள் சொல்கிற அந்த நெறிமுறையிலேயே படம் போட்டிருக்கிறார்கள்.

ஒரு பல்கலைக்கழகத்து மாணவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். கலிபோர்னியாவில் பெர்க்கிலி. 1962ல் எட் ராபர்ட்ஸ் என்பவர் அங்கே படிக்கப் போனார். போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலில்லை, இரவில் மூச்சுவிட இரும்பு நுரையீரல், அதாவது உடலை உள்ளே வைத்து மூச்சுவிட வைக்கிற பெரிய இயந்திரம். அதை வைக்கும்படியான விடுதி அறையே இல்லாமல், வளாகத்து மருத்துவமனையின் ஒரு பகுதியில் தங்கவைத்தார்கள். பின்னால் அவரைப் போல இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். அறைக்குள் இருந்து என்ன செய்வது, வகுப்புக்குப் போக வேண்டும், புத்தகக் கடைக்குப் போக வேண்டும், ஒவ்வொரு தெருமுனையிலும் விளிம்பு தடுக்கிறது. அவர்கள் கூட்டம் சேர்ந்து நகர மன்றத்தை விடாமல் கேட்டு, 1971ல் தெருமுனைகளில் சாய்வு வெட்ட வேண்டும் என்று தீர்மானம் வாங்கினார்கள். வளாகத்தை ஒட்டிய தெருக்களில்தான் அது முதலில் வந்தது. இப்போது அதில் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களும் பெட்டி இழுக்கிறவர்களும் போகிறார்கள். பல்கலைக்கழகம் தன் சுவருக்குள் சாய்தளம் கட்டிவிட்டு வெளியே இருப்பது வேறு துறை என்று கைகழுவினால், மாணவி வாசல்வரை எப்படி வருவாள்?

ஸ்பிளெண்டர்_பாண்டி:
அமெரிக்காவையும் ஜப்பானையும் விட்டுவிட்டு நம்ம ஊரைப் பேசலாமா? அங்கே மாடு குறுக்கே வராது, தேர்தல் பேனர் வராது.

சக்கரக்காரி:
நம்ம ஊரையே பேசுகிறேன். இந்தியாவிலேயே முதலாவதாக நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிக் கொள்கை எழுதிய மாநகராட்சி சென்னை, 2014ல். 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்து ஓடத் தொடங்கியது, அதுவும் வழக்குப் போட்டுப் பல வருடம் போராடி வாங்கியதுதான். பஸ் தாழ்கிறது, நடத்துநர் பலகையை விரிக்கிறார், இறங்குகிறேன். எதிரே 65 செ.மீ.

சிவில்மூத்தவர்:
மெரினாவில் வீல்சேர் கடல்பக்கம் போக 2022 நவம்பரில் மரப்பாதை போட்டார்களே, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் உடைந்தது. அவசரப்பட்டு, உணர்ச்சிவசப்பட்டுச் செய்தால் இப்படித்தான். கருங்கல் தூண் எந்தப் புயலுக்கும் அசையாது.

காதால்_பார்ப்பவன்:
அசையாது என்பதுதான் என் முழங்காலின் புகாரும்.

நடராஜா_சர்வீஸ்:
உடைந்த மரப்பாதையைச் சரிசெய்து திரும்பவும் திறந்தார்களே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? சிவில்மூத்தவர் சார், ஒரே ஒரு கேள்வி. அந்த வரைபடம் உங்கள் கைக்கு எப்படி வந்தது? நீங்கள் ஓய்வு பெற்றவர் என்கிறீர்கள். ஒப்பந்தக்காரர் உறவா?

சிவில்மூத்தவர்:
இது தனிநபர் தாக்குதல். மட்டுறுத்துநர் கவனிக்க வேண்டும். என் நேர்மையை இந்த மன்றத்தில் பத்து வருடமாகப் பார்க்கிறவர்கள் சொல்லட்டும்.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட கேள்விகளைத் தவிருங்கள். பேச்சு பல்கலைக்கழக வாசல் நடைபாதையைப் பற்றி மட்டும் இருக்கட்டும். வியாபாரிகள் விவாதத்துக்கு வேறு இழை இருக்கிறது.

தள்ளுவண்டி_தாசன்:
அந்த இழையையும் நீங்கள்தான் பூட்டினீர்கள். நடராஜா என்ன கேட்டாலும் "தவிருங்கள்", நான் எழுதினால் பூட்டு. வாழ்க.

சக்கரக்காரி:
வரைபடம் எப்படி வந்தது என்று எனக்குக் கவலையில்லை, வந்தது நல்லதுதான். அதில் தூணின் குறுக்களவு எவ்வளவு போட்டிருக்கிறது ஐயா? அந்த ஒரு எண்ணை மட்டும் எழுதுங்கள். 15 செ.மீ. குழாய்த் தூண் என்று வரைந்துவிட்டு, கட்டும்போது 25 செ.மீ. கருங்கல்லை நட்டிருந்தால் தப்பு யாருடையது என்று தெரிந்துவிடும். 25 என்றே வரைந்திருந்தால் வரைந்தவருக்கு வீல்சேரின் அகலம் தெரியாது. இரண்டில் ஒன்று. இரண்டிலும் என் நாற்காலி வெளியேதான் நிற்கிறது.

சிவில்மூத்தவர்:
குறுக்களவு வேறு தாளில் இருக்கும். அது விவரத் தாள். இடைவெளி இந்தத் தாளில் இருக்கிறது, 90.

சக்கரக்காரி:
விவரத் தாளைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் வரும் திங்கட்கிழமை காலை வகுப்பு தொடங்கும் நேரத்துக்குத் தெற்கு வாசலுக்கு வாருங்கள். டேப் நான் கொண்டுவருகிறேன், நீங்களே பிடியுங்கள், நேராகவோ சாய்த்தோ. பிறகு என் நாற்காலியைத் தள்ளி அந்த இரண்டு தூணுக்கு நடுவே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சிவில்மூத்தவர்:
என் வயதில் வெயிலில் நின்று பரீட்சை எழுத வேண்டிய அவசியம் இல்லை. தகுந்த அதிகாரி கேட்டால் பதில் சொல்வேன்.

ஸ்பிளெண்டர்_பாண்டி:
காலை நேரத்துக்கு அங்கே எங்கே வெயில்? மரநிழல்தான். நானே வருகிறேன், என் பைக் அதற்குள் போகிறதா என்று எனக்கும் தெரியணும்.

நடராஜா_சர்வீஸ்:
பைக்கைப் பிளாட்பாரத்தில் ஏற்றப் போகிறேன் என்று இப்படி வெளிப்படையாக எழுதுகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

ஸ்பிளெண்டர்_பாண்டி:
எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தால் எப்படி?

காதால்_பார்ப்பவன்:
திங்கட்கிழமை நானும் வருகிறேன். அகலத்தை அளந்து முடித்ததும் அந்த மஞ்சள் கோட்டில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நடக்க வேண்டும். பாண்டி நடக்கட்டும்.

சிவில்மூத்தவர்:
யார் வேண்டுமானாலும் போய் அளந்துகொள்ளுங்கள். மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் 90தான் வரும்.

சக்கரக்காரி:
மையத்திலிருந்து மையத்துக்கு நீங்கள் நடந்து காட்டுங்கள், நான் பின்னால் வருகிறேன்.